தை அமாவாசையில் இறந்தவர்

என் மகள் குளியலறைக்குள் போனால் நான் வெளியே நின்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். ஷாம்பூ இருக்கிறதா, வெந்நீர் வருகிறதா, துண்டு எடுத்துக்கொண்டாயா. பதில் வரும் வரை நகர மாட்டேன். "இருக்கேம்மா, இன்னும் சாகலை" என்று ஒரு நாள் உள்ளேயிருந்து கத்தினாள். அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. ஆனாலும் மறுநாள் காலை அதே கதவருகே போய் நின்றேன்.

இதெல்லாம் வைகாசியில் ஆரம்பித்தது. அவளுக்கு இருபத்து மூன்று வயது, வேலை ஆழ்வார்பேட்டையில். மதியம் கீழே இறங்கியவள் ஜூஸ் கடை வாசலில் நின்றபடியே விழுந்துவிட்டாள். தூக்கி உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, எனக்குக் கூப்பிட்டார்கள். கூட வேலை பார்க்கிற பெண் ஃபோனில் "ஆன்ட்டி, பயப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்தால் எந்த அம்மா பயப்படாமல் இருப்பாள்? ஆட்டோவில் ஏறியது நினைவிருக்கிறது. வீட்டைப் பூட்டியது நினைவில்லை. பூட்டவில்லை என்று பிறகு தெரிந்தது. நல்லவேளை, அப்பா உள்ளே இருந்தார்.

அப்பா எங்களோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். மயிலாப்பூரில் அவர் வளர்ந்த வீடு, நான் பிறந்த வீடு, இப்போது என் மகளும் இருக்கும் வீடு எல்லாம் ஒன்றே. என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை, கவலைப்படுவதை அவர் ஃபோனில் செய்துகொள்வார். மற்றபடி வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

அடையாறில் ஒரு மருத்துவமனையில் இதய டாக்டரிடம் காட்டினோம். அப்பாவும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. இ.சி.ஜி. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஸ்கேல் வைத்து அளந்தார், திரும்ப அளந்தார். பிறகு கேள்விகளாகக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.

"ஃபேமிலில யாராவது சின்ன வயசுல, நாப்பதுக்குள்ள, திடீர்னு இறந்திருக்காங்களா?"

எனக்கு அந்தக் கதை மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் கேள்விக்கு விடை தெரிந்த பெண் மாதிரி சட்டென்று சொல்லிவிட்டேன். "எங்கப்பாவோட அப்பா, டாக்டர். முப்பத்து மூணு வயசு. மாம்பலத்துல ஒரு ஜவுளிக்கடைல வேலை. துணி கிழிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கும்போதே அப்படியே சரிஞ்சிட்டாராம். தை அமாவாசை அன்னிக்கு."

கையில் இருந்தது வெள்ளை மல் துணி என்பதுவரை சொன்னேன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட கதை அது. அமாவாசையில், அதுவும் தை அமாவாசையில் போவதென்றால் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். எங்கள் குடும்பத்தில் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் கிடையாது, இந்தச் சாவு ஒன்று இருந்தது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். அப்பா பக்கத்து நாற்காலியில் தோள் துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார். இ.சி.ஜி. சரி என்றும் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, நடுவில் நிற்கிறது. சில குடும்பங்களில் இதயத் துடிப்பின் மின்சாரத்தில் ஒரு கோளாறு வழிவழியாக வரும். ஒரு தலைமுறையில் ஒன்றும் காட்டாமல் அடுத்ததில் காட்டும். உறக்கத்தில் போவார்கள், ஓடும்போது போவார்கள், நின்றபடி போவார்கள். அப்படிக் குடும்பத்தில் இருந்திருக்கிறது என்றால் இந்தப் பெண்ணின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு கருவி வைத்துவிடுவது நல்லது. வாழ்நாள் முழுக்க இருக்கும், சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம், ஆனால் அதுவும் அடித்துச் சொல்லாது.

"அவர் எதனால இறந்தார்னு ஏதாவது ரெக்கார்ட் இருந்தா தேடிப் பாருங்க. காய்ச்சலா, விபத்தா, இல்ல நிஜமாவே திடீர்னா. அதை வச்சுதான் முடிவு பண்ணணும்."

அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள், அப்பாவுக்கும் எனக்கும் இ.சி.ஜி. எடுத்தார்கள். வெளியே வந்ததும் என் மகள் தன் தோள்பட்டைக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டாள். பார்க்காத மாதிரி நான் மருந்துச் சீட்டைப் படித்தேன்.

அன்று சாயங்காலமே தேட ஆரம்பித்துவிட்டேன். முதலில் வீட்டில். பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பத்திரிகைகள் இருந்தன. எல்லாம் கல்யாணப் பத்திரிகைகள், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா. மஞ்சள் தடவிய மூலைகள் கறுத்துப்போயிருந்தன. ஒரு சாவுக்கான காகிதம்கூட இல்லை. இருக்காது என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் கருமாதிப் பத்திரிகை வந்தால் உள்ளே கொண்டுவர மாட்டோம். வாசலிலேயே படித்துவிட்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வருவோம். நெருங்கிய உறவென்றால் தலைக்கு ஊற்றிக்கொள்வோம். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது ஒரு முறை அப்பா வாசலில் நின்று அப்படி ஒரு கார்டைப் படித்தார். கிழித்தார். பிறகு உள்ளே வராமல் சுற்றிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார்ந்து, போட்டிருந்த சட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். யாரென்று கேட்டதற்கு, ஆபீசில் கூட வேலை பார்த்த ஒருவர் என்றார். துண்டு எடுத்துப் போய்க் கொடுத்தது நான்தான். இப்படித்தான் எங்கள் வீட்டில் யார் யாருக்குக் கல்யாணம் ஆனது என்பதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறது, யார் செத்தார்கள் என்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒன்றே ஒன்று கிடைத்தது. என் அத்தையின், அதாவது அப்பாவுடைய அக்காவின் கல்யாணப் பத்திரிகை. அதில் மணமகளின் தகப்பனார் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று அச்சிட்டிருந்தது. அத்தை போய்ப் பல வருடங்கள் ஆகின்றன, அவளைக் கேட்க முடியாது. தாத்தா இறந்ததற்கு வீட்டில் இருந்த ஒரே சான்று ஒரு கல்யாணப் பத்திரிகைதான். அதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

"அப்பா, தாத்தா போன வருஷம் எது? உங்களுக்கு அப்ப ஆறு வயசுன்னு சொல்வீங்களே, அதுதானே?"

"அப்படித்தான்."

"எந்த ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டுப் போகலையா?"

"எனக்கு என்னம்மா தெரியும், ஆறு வயசு." அவர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். சரி, வயதானவர், பழைய துக்கத்தைக் கிளற வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கணினியில் அவ்வளவு பழசு இருக்காது, பதிவேட்டைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நான் அந்த வருடத்தையும், தை மாதம் அமாவாசை என்பதையும், பஞ்சாங்கம் பார்த்து ஆங்கிலத் தேதியையும் எழுதிக் கொடுத்தேன். அதற்குள் ஆனி வந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து ஃபோன் வருமென்று நான் காத்திருந்தேன், என் மகள் விழுந்துவிட்டாள் என்று இன்னொரு ஃபோன் வந்துவிடுமோ என்றும் காத்திருந்தேன். ஒவ்வொரு மணியும் அடிக்கும்போது எது என்று தெரியாமல் கையும் ஓடாது, காலும் ஓடாது.

கடைசியில் நானே போனேன். அலுவலகத்தில் பதிவேடு பார்க்கிற அம்மாள் தேடிப் பார்த்திருந்தார். "அந்த வாரம் பூரா பாத்துட்டேங்க. முன்னாடி ஒரு மாசம், பின்னாடி ஒரு மாசம். அந்தப் பேர்ல யாரும் இல்ல. அப்பல்லாம் எல்லாரும் பதிய மாட்டாங்க மேடம்."

பதியாமல் விட்டிருக்கலாம். அதுவே எனக்கு இன்னும் பயமாகப் போயிற்று. வைத்தியம் பார்த்திருந்தால், ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் எங்கேயாவது ஒரு வரி இருக்கும். கடையில் சரிந்தவரை வீட்டுக்குத் தூக்கி வந்து, அன்றைக்கே எடுத்துவிட்டார்கள் என்றால் எந்த வரியும் இருக்காது. வரி இல்லை என்பதே அவர் நின்றபடி போனதற்குச் சாட்சி என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். கவலைப்படுகிறவளுக்குக் கிடைத்தாலும் பயம், கிடைக்காவிட்டாலும் பயம்.

மயானத்துக்கும் போனேன். பெண்கள் அங்கே போகக்கூடாது என்று வளர்த்த அப்பாவிடம் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். காவலில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமா, அவ்ளோ பழசா? இப்ப இருக்கிற புக்கே மழைல ஊறிப்போய்க் கீது. அந்தக் காலத்து புக்குக்கு எங்கமா போறது?" என்றார். வரும் வழியில் ஞாபகமாகக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது அந்த ஜவுளிக்கடை. கடையின் பேர் கதையிலேயே இருந்தது. மாம்பலத்தை ஒட்டிய தியாகராய நகரில் இன்னும் இருக்கிறது. தெற்கேயிருந்து வந்து ஒற்றைக் கதவுக் கடையாக ஆரம்பித்தவர்கள் இப்போது நான்கு மாடி கட்டியிருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடி தொடங்கியிருந்தது, நிற்க இடமில்லை. நெரிசலைப் பார்த்ததும் நல்லவேளை மகளைக் கூட்டி வரவில்லை என்று நினைத்தேன். உடனே, வீட்டில் அவள் தனியாகவா இருக்கிறாள் என்று ஃபோன் செய்தேன். "தாத்தா இருக்கார்மா, நீ புடவை எதுவும் வாங்கிட்டு வராதே" என்றாள்.

கல்லாவுக்குப் பின்னால் முதலாளியின் அப்பா உட்கார்ந்திருந்தார். என் அப்பா வயதுதான். விவரம் சொன்னதும் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார். பேரைக் கேட்டார். யோசித்தார்.

"பேர் கேட்டாப்ல இருக்கு. எங்க அய்யா காலத்துல இருந்திருப்பார். ஆனா எங்க கடையில யாரும் விழுந்து சாவலம்மா."

"இல்லைங்க, துணி கிழிச்சுக்கிட்டிருக்கும்போது..."

"செத்திருந்தா எனக்குத் தெரியும். கடைக்குள்ள ஒரு உசுரு போனா அன்னிக்குக் கடை அடைப்போம். அப்புறம் வருசா வருசம் அந்த நாள்ல வெளக்கேத்துவோம். எங்க வழக்கம் அது. ஒரு கணக்கப்புள்ளைக்கு இன்னிக்கும் ஏத்துறோம். தையில யாருக்கும் ஏத்துறதில்ல."

அவர் மறந்திருக்கலாம், வயதாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பேருந்தில் வரும்போது அவர் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் சாகவில்லை என்றால் எங்கே? வீட்டில் என்றால் ஏன் கடை என்று சொன்னார்கள்? ஏதோ ஒரு அசிங்கமான நோயா, தூக்கா, விஷமா? தற்கொலையாக இருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதக் கை கூசுகிறது, ஆனால் நினைத்தேன். தூக்குப் போட்டுக்கொண்டவருக்கு இதயம் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதற்குள் முடிவைச் சொல்லச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய நாள் ஆடி அமாவாசை.

ஆடியோ தையோ, அமாவாசைக்கு அப்பாவைக் குளத்தங்கரைக்கு அழைத்துப் போவது என் வேலை. அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். குளத்தைச் சுற்றி வரிசையாக ஐயர்கள் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எள், தர்ப்பை, வாழை இலையில் பச்சரிசி. எங்களுக்கு வழக்கமாகச் செய்து வைப்பவர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், கூட அவள் கொழுந்தன். பட்டினப்பாக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். நாங்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றோம்.

"திதி என்னம்மா? என்னிக்குத் தவறினார்?" என்று ஐயர் கேட்டார்.

"கடலுக்குப் போனாரு சாமி. படகு மட்டும் வந்துச்சு. என்னிக்குன்னு தெரியாது" என்றான் கொழுந்தன். அந்தப் பெண் தலை நிமிரவில்லை.

"தெரியலேன்னா பாதகமில்லே. நாள் தெரியாதவாளுக்கு அமாவாசைதான். போனவாளா, காணாமப் போனவாளா, தகவலே இல்லாதவாளா, எல்லாருக்கும் அமாவாசையிலே வச்சுண்டுடலாம். வருஷா வருஷம் தை அமாவாசைக்குப் பண்ணிடுங்கோ, மறக்காது."

அவர் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த எள் பொட்டலத்தின் நூலைப் பிரிப்பதும் திரும்பச் சுற்றுவதுமாக இருந்தார்.

"அப்பா," என்றேன். "தாத்தா தை அமாவாசைல செத்தாரா, இல்ல தை அமாவாசைன்னு வச்சுக்கிட்டீங்களா?"

"மொதல்ல இதை முடிச்சிடுவோம்மா" என்றார்.

முடித்தோம். எப்படி முடித்தோம் என்று தெரியாது. மூன்று தலைமுறைப் பேரையும் ஐயர் கேட்கக் கேட்க அப்பா சொன்னார். அவருடைய அப்பாவின் பேர் வந்தபோது குரல் உள்ளே போய்விட்டது, ஐயர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு மாட வீதியில் இன்னும் திறக்காத ஒரு பாத்திரக்கடையின் படியில் உட்கார்ந்தோம். அவர் அதுவரை பச்சைத் தண்ணீர் குடித்திருக்கவில்லை. குடிக்கச் சொன்னதற்கும் வேண்டாம் என்றார்.

"ஓடிப்போயிட்டார்" என்றார்.

யாரோடு, எதற்கு என்பதெல்லாம் அவருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு நாள் காலை கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கடையிலும் சொல்லிக்கொள்ளவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். வீட்டில் சில வருடங்கள் வெளியூரில் வேலை என்று சொல்லிச் சமாளித்தார்கள். பிறகு அத்தைக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். அப்பன் ஓடிப்போன வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அப்பன் செத்துப்போன வீடு என்றால் இரக்கப்பட்டாவது எடுப்பார்கள். மாம்பலத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மயிலாப்பூருக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் மாம்பலத்துக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே ஒரு பொய் தாராளமாக ஒளிந்துகொள்ளலாம்போல. அப்பாவைப் பெற்றவள் தாலியைக் கழற்றினாள். எப்படிச் செத்தார் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு சாவு வேண்டியிருந்தது. நோய் என்றால் எந்த வைத்தியர் என்று கேட்பார்கள். அதனால்தான் திடீரென்று சரிந்தார். வெள்ளை மல் துணியும் அவள் சேர்த்ததுதான்.

"அப்ப எனக்கு மீசை அரும்புற வயசு. என்னை உக்கார வச்சு எள்ளும் தண்ணியும் எறைக்க வச்சாங்க. அவர் உசுரோட இருக்கார்னு எனக்குத் தெரியும். எங்கம்மாவுக்கும் தெரியும். உசுரோட இருக்கிற தகப்பனுக்குத் திதி குடுத்தவன் நான். வருசா வருசம் குடுத்தேன். அது சும்மா விடுமா? கொழந்தை ஜூஸ் கடைல விழுந்தான்னு நீ சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் எறைச்ச தண்ணி சுத்திக்கிட்டு வந்து அவ தலைல விழுந்திருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டாக்டர் முன்னால் நான் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். நான் மாநகராட்சிக்கும் மயானத்துக்கும் அலைந்தபோது டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பெண்ணின் நெஞ்சில் கத்தி வைக்கப் பார்த்தார்களே.

"ஏன்பா சொல்லலை?"

"சொன்னா பலிச்சிடும்னு பயம்" என்றார். "இவ்ளோ நாளும் வெளில வராத வரைக்கும் ஏதோ ஒரு மாதிரி ஓடுச்சு. வாயைத் தொறந்து ஒத்துக்கிட்டா தண்டனையும் கூடவே வந்துடும்னு தோணுச்சு. நாளைக்குக் கருவின்னதும்தான்..." மீதியைச் சொல்ல முடியாமல் அழுதார். மாட வீதியில் பூக்காரிகள் பார்க்கிற மாதிரி அழுதார்.

நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவருடைய பாவம் புண்ணியம் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஒரு எண் மட்டும்தான் வேண்டும்.

"எப்ப செத்தார்? எத்தனை வயசுல? அதைச் சொல்லுங்க."

"ஒரு கார்டு வந்துது. அந்த ஊர்லேருந்து. அவருக்கு அங்க ஒரு பையன் இருந்திருக்கான், அவன் போட்ட கார்டு. வயசு எழுபத்தொண்ணுன்னு இருந்துது. மூப்புல, படுக்கைல கெடந்து போனாருன்னு போட்டிருந்துது." துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நம்ம அட்ரஸ் சரியா எழுதியிருந்துது. இந்த மயிலாப்பூர் அட்ரஸ். அவருக்குத் தெரிஞ்சேதான் இருந்திருக்கு பாரு."

எழுபத்தொன்று. என் காதில் அதுதான் விழுந்தது, மற்றது எதுவும் விழவில்லை. ஒரு பெரிய மூச்சு வந்தது. அது முழுசாக வெளியே வருவதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது. இந்தக் குடும்பம் ஒரு பொய்யை ஒரு ஆயுள் முழுக்கக் காப்பாற்றியிருக்கிறது. பேத்தியின் நெஞ்சைக் கீறாமல் இருப்பதற்காக இந்தக் கிழவர் இப்போது இன்னொன்றைக் கட்டிவிட்டால்? எழுபத்தொன்று என்பதும் ஒரு வெள்ளை மல் துணியாக இருந்தால்?

"அந்த கார்டு எங்க?"

"கிழிச்சுட்டேன். வாசல்லயே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. தலைக்கு ஊத்திக்கிட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"சட்டையோட" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"துண்டு யார் கொண்டுவந்து குடுத்தது?"

"நீதான்" என்றார். "ஆபீஸ்ல யாரோன்னு சொன்னேன்." ஆபீசில் கூட வேலை பார்த்தவருக்காக யாரும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தலைக்கு ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். தகப்பனுக்காகத்தான் செய்வார்கள். அலுவலகத்திலும் மயானத்திலும் நான் தேடிப்போனது என் கண்ணாலேயே பார்த்த ஒன்று. அவர் சொல்வது பொய்யில்லை என்று அப்போதுதான் நம்பினேன். அவர் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கோபம் முழுசாகப் போகவில்லை, இன்றுவரை கொஞ்சம் இருக்கிறது.

வீட்டில் என் மகளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவள் கேட்டுவிட்டு, "அப்ப கொள்ளுத்தாத்தா ஒரு ஃபிராடு" என்றாள். ஒரு ஃபிராடு கிடைத்ததற்காக அன்று நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஒரு பெண்ணையும் இரண்டு குழந்தைகளையும் நடுத்தெருவில் விட்டுப்போனவன் வயதாகி, படுக்கையில் கிடந்து, மெதுவாகச் செத்தான் என்பதைப்போல நல்ல செய்தி அந்த வருடம் எனக்கு வரவில்லை. அவன் விட்டுப்போன பையன் அடுத்த அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

மறுநாள் அடையாறுக்கு மூவரும் போனோம். நான் சொல்ல வாயெடுத்தபோது அப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

"டாக்டர், எங்கப்பா முப்பத்து மூணு வயசுல சாகலைங்க. எங்களை விட்டுட்டுப் போயிட்டார். எழுபத்தொரு வயசுல வேற ஊர்ல, மூப்புல போனார்."

"ரெக்கார்ட் ஏதாவது?"

"கிழிச்சுட்டேங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் கோப்பைப் புரட்டி, அன்றைக்கு எழுதிய வரியை அடித்தார். பக்கத்தில் ஏதோ எழுதினார். ரத்தப் பரிசோதனையும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவின் இ.சி.ஜி.யும் என் இ.சி.ஜி.யும் நன்றாக இருக்கின்றன, அந்த வரி ஒன்றுதான் தன்னை யோசிக்க வைத்தது என்றார். காலையில் சாப்பிடாமல் வெயிலில் நின்றதால் வந்த சாதாரண மயக்கமாகவே இருக்கலாம். இப்போதைக்குக் கருவி வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும், திரும்ப மயங்கினால் உடனே வர வேண்டும். "இருக்கலாம்" என்பதையும் "இப்போதைக்கு" என்பதையும் நான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன், பிறகு கவலைப்படுவதற்கு.

கீழே வாசலில் ஆட்டோவுக்கு நின்றோம். அப்பா என் காதருகே வந்து, "அந்த வரியை அடிச்சாரா?" என்று கேட்டார்.

"அடிச்சிட்டார்பா."

"நல்லா அடிச்சாரா?"

"நல்லா அடிச்சார்."

அவர் முகம் தெளியவில்லை. அடித்தது டாக்டர் எழுதிய வரியைத்தான். அவருடைய பயம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. என் மகள் அதைக் கவனித்துவிட்டாள். தாத்தாவின் கையைப் பிடித்துத் தன் தோள்பட்டைக்குக் கீழே, கருவி வைக்கப் பார்த்த இடத்தில் வைத்துக்கொண்டாள்.

"தாத்தா, ஒண்ணு கேக்கறேன். நீங்க மீசை முளைச்சதுலேருந்து அவருக்குத் தண்ணி எறைச்சீங்க, இல்ல?"

"ஆமாம்மா."

"அப்படியும் எழுபத்தொண்ணு வரைக்கும் இருந்திருக்கார். யாருக்கு எறைச்சீங்களோ அவரையே ஒண்ணும் பண்ணலை உங்க தண்ணி. என்னை என்ன பண்ணும்?"

ஆட்டோ வந்து நின்றது, டிரைவர் எங்கே என்று கேட்டார், நான் மயிலாப்பூர் என்றேன். அப்பா ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். அவர் எண்பதைத் தாண்டியிருந்தார்.

"எழுபத்தொண்ணு" என்றார் கடைசியில். "நல்ல வயசுதான். ஒரு தடவையாவது வந்து பாத்திருக்கலாம்."